எழுத்தே செல்லும்



இம்மாதம் ஆங்கில எண் சொற்களைப் பற்றிச் சில செய்திகளைப் பகிர்ந்துகொள்ள விழைகிறேன். 'ஒன், டூ, த்ரீ தெரியாதவர் யார்? இதற்கும் ஒரு கட்டுரையா?' என்று சிலர் புன்னகைக்கக் கூடும். சென்ற ஆண்டு வரை நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். எங்கள் மல்லாங்கிணற்றில், என் கண்முன் நிகழ்ந்த ஒன்று அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது.

மாலை நேரத்தில் என்னிடம் ஆங்கிலம் பயில வரும் பிள்ளைகளில் ஒருவன் பிளஸ் டூ மாணவன், கெட்டிக்காரன். அவனுடைய நன்னிக்கு நெடுநாளாக முடக்குவாதம். மதுரையில் மருத்துவரிடம் காட்டி, புதிய மாத்திரை வாங்கி வந்திருந்தார்கள். உடன் சென்று விவரம் கேட்டு வந்த மருமகன் அன்றிரவே வெளியூர் திரும்பிவிட்டார். வீட்டில் சீட்டைப் படிக்கும் பொறுப்பு பேரன் மீது விழுந்தது. சீட்டில் 'ஒன்ஸ் எ வீக்' என்று எழுதியிருந்தது. அவன் உரக்கப் படித்தான். ஒன்ஸ் என்றால் ஒரு தடவை. வீக் என்றால்? உடம்பு வீக்காக இருக்கிறது என்று நாம் அன்றாடம் சொல்கிறோமே, அந்த வீக்! 'உடம்பு பலவீனத்துக்கு, தினம் ஒரு தடவை' என்று பொருள் சொல்லிவிட்டான்.

மூன்று நாட்கள் தொடர்ந்து மாத்திரை உள்ளே சென்றது. மூன்றாம் நாள் மாலை, உடல்நலம் விசாரிக்கச் சென்றேன். 'வாயெல்லாம் புண்ணாக் கெடக்கு ஹஜ்ரத், கஞ்சிகூட இறங்கல' என்றார் அந்தப் பெரியம்மா. சீட்டை வாங்கிப் பார்த்தேன். மருந்தின் பெயர் மெத்தோட்ரெக்சேட். அதன் கீழே, வாரம் ஒருமுறை என்று தெளிவாகவே எழுதியிருந்தது. உடனே மாத்திரையை நிறுத்தி, அன்றிரவே மதுரைக்கு அழைத்துச் சென்றார்கள். இரத்தத்தைச் சோதித்து, வேண்டிய மருத்துவம் செய்தார்கள். இறையருளால் அந்த அம்மையார் நலமுடன் திரும்பினார்.

இம்மருந்து புற்றுநோய்க்கும் கொடுக்கப்படுவது. முடக்குவாதத்துக்குச் சிறிய அளவில், வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டும் உட்கொள்ள வேண்டியது. நாள்தோறும் உட்கொண்டால் இரத்த அணுக்கள் குறையும், வாய் புண்ணாகும், உயிருக்கே ஆபத்து நேரலாம். வாரத்தை நாள் என்று தவறாகக் கொள்வதால் நேரும் இந்த விபத்தைக் குறித்து மருந்தியல் வல்லுநர்கள் பல நாடுகளிலும் எச்சரித்து வருகின்றனர். ஆகவே, இது எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் தவறு மட்டுமன்று.

மறுநாள் அவன் என் முன் தலைகுனிந்து நின்றான். 'நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் ஹஜ்ரத் படிச்சேன்' என்றான். அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஒன்ஸ் என்றால் ஒரு தடவை என்று சொல்லிக் கொடுத்தவன் நான். 'எதற்கு ஒரு தடவை?' என்று அடுத்த சொல்லைப் பார்க்கும்படி நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரை.

தடவையைச் சொல்லும் சொற்கள்

எண்ணைக் குறிக்கும் சொல் பெரும்பாலும் தனித்து நிற்பதில்லை. 'எத்தனை?' என்பதற்கு அது விடை தரும், 'எதற்கு அத்தனை?' என்பதற்கு அதனை அடுத்துள்ள சொல்தான் விடை தரும். ஒன்ஸ் எ டே என்றால் நாளுக்கு ஒருமுறை. ஒன்ஸ் எ வீக் என்றால் வாரத்துக்கு ஒருமுறை. இங்கே வரும் 'எ' என்னும் ஓரெழுத்துக்கு 'ஒரு' என்று மட்டும் பொருள் கொள்ளலாகாது. 'ஒவ்வொரு' என்றே கொள்ள வேண்டும். ஒன்ஸ், ட்வைஸ் ஆகிய இரண்டுக்கும் தனிச் சொல் உண்டு. மும்முறைக்குத் த்ரைஸ் என்ற சொல் நம் நாட்டு ஆங்கிலத்தில் இன்னும் உயிரோடு உள்ளது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அது பழஞ்சொல்லாகிவிட்டது. அங்கே த்ரீ டைம்ஸ் என்பதே இயல்பு. நான்கு முதல் எல்லாம் டைம்ஸ்தான்.

'எவ்ரி அதர் டே' என்று ஒரு தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், 'ஒவ்வொரு மற்ற நாளும்' என்று பொருளற்றதாகிவிடும். அதன் பொருள், ஒருநாள் விட்டு ஒருநாள் என்பதே. 'எவ்ரி எய்ட் அவர்ஸ்' என்றால் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அதாவது நாளுக்கு மூன்று வேளை. எட்டு மணிக்கு என்று கொண்டுவிடக் கூடாது. 'பைமன்த்லி' என்ற சொல்லோ ஆங்கிலேயரையே குழப்புவது. மாதம் இருமுறை, இரு மாதத்துக்கு ஒருமுறை என்று இரு பொருளும் அதற்கு அகராதியில் உண்டு. அப்படிப்பட்ட சொல்லை நாம் எழுதாமல் விடுவதே நல்லது. பிறர் எழுதினால் கேட்டுத் தெளிவதே நல்லது.

அரபி படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. அரபியில் ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே இருமை என்று ஒரு நிலை இருப்பதை அறிவீர்கள். மர்ரத்தன் என்றால் ஒருமுறை, மர்ரத்தைனி என்றால் இருமுறை. ஆங்கிலத்திலும் இருமைக்கென்றே சில சொற்கள் உள்ளன. போத், ஐதர், நைதர், ட்வைஸ், பேர், கப்பிள் முதலியன அவை. ஆதலால், மூவரைக் குறித்துப் 'போத்' என்று சொல்லுதல் பிழை. மூவராயின் 'ஆல் த்ரீ' என்றே சொல்ல வேண்டும்.

கடிகாரம் பார்க்கும் திசை

தமிழில் 'ஒன்றரை மணி' என்ற ஒரே தொடர் இரண்டு வேலை செய்கிறது. பகல் ஒன்று முப்பது என்பதும் ஒன்றரை மணி. தொண்ணூறு நிமிடப் பொழுதும் ஒன்றரை மணி. ஆங்கிலத்தில் இவை இரண்டும் வேறு. முன்னது ஹாஃப் பாஸ்ட் ஒன். பின்னது ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ், அல்லது ஆன் அவர் அண்ட் எ ஹாஃப். 'பஸ் ஒன்றரை மணிக்கு' என்பதை 'ஒன் அண்ட் எ ஹாஃப்' என்று சொல்லும் பிள்ளைகளை நாம் நாள்தோறும் காண்கிறோம். இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஒன்றைத் தாண்டிவிட்டால் ஆங்கிலத்தில் பன்மைதான். ஆகவே ஒன் அண்ட் எ ஹாஃப் 'அவர்ஸ்'.

மற்றொரு வேறுபாடு மிக நுட்பமானது. நாம் 'ஒன்பதே முக்கால்' என்கிறோம். கடந்துவிட்ட ஒன்பதிலிருந்து எண்ணுகிறோம். ஆங்கிலேயர் அதனையே எ குவார்ட்டர் டு டென் என்பர். வரப்போகும் பத்தை நோக்கி எண்ணுகின்றனர். முப்பது நிமிடம் வரை 'பாஸ்ட்', அதன்பின் 'டு' என்று நினைவிற் கொண்டால் போதும். இவ்வழக்கு நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. எண்பதுக்கு அடுத்த பத்தை நாம் என்ன சொல்கிறோம்? தொண்ணூறு. அச்சொல்லுக்குள் வரப்போகும் நூறு இருக்கிறது. தொள்ளாயிரத்துக்குள்ளும் வரப்போகும் ஆயிரம் இருக்கிறது. வர இருப்பதை நோக்கிப் பெயரிடும் பழக்கம் தமிழிலும் உண்டு. கடிகாரத்தில் மட்டும் நாம் அவ்வாறு செய்வதில்லை.

மருந்துச் சீட்டில் 1/2 என்று எழுதியிருந்தால் அது அரை மாத்திரை. ஹாஃப் எ டேப்ளட். அதனை 'ஒன்று அல்லது இரண்டு' என்று படித்துவிடும் அபாயம் உண்டு. கால், அரை, முக்கால் ஆகிய மூன்றோடு நாம் இன்று நின்றுவிட்டோம். ஆனால் நம் முன்னோர் எண்சுவடியில் அரைக்கால், வீசம் என்று இறங்கி, 320இல் ஒரு பங்காகிய முந்திரி வரைக்கும் தனிப் பெயர் வைத்திருந்தனர். ஆங்கிலத்தில் ஹாஃப், குவார்ட்டர் தவிர மற்றவற்றுக்கு வரிசைச் சொல்லே பின்னமாகும். ஒன் தர்ட், ஒன் எய்ட்த் என்று படிக்க வேண்டும்.

எட்டு நாளும் பதினைந்து நாளும்

வெள்ளிக்கு வெள்ளி எட்டு நாள் என்பது நம் வழக்கு. தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் சேர்த்து எண்ணுகிறோம். ஆங்கிலத்தில் அது ஏழு நாள், ஒரு வாரம். நாம் 'பதினைந்து நாளில் வருகிறேன்' என்பதை ஆங்கிலத்தில் ஃபிஃப்டீன் டேஸ் என்று எழுதினால், படிப்பவர் துல்லியமாகப் பதினைந்து நாள் என்று கொள்வார். இரண்டு வாரம் என்று சொல்ல விரும்பினால் டூ வீக்ஸ் என்றே எழுதுக. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் இதற்கு ஃபோர்ட்நைட் என்ற அழகிய சொல் உண்டு. பதினான்கு இரவுகள் என்பதன் மரூஉ அது. அமெரிக்கர் இச்சொல்லைப் பெரும்பாலும் வழங்குவதில்லை. அரபியரும் பண்டைக் காலத்தில் தேதியை இரவுகளைக் கொண்டே எண்ணினர் என்பதை இங்கே ஒப்பிட்டு மகிழலாம்.

நாலு பேர் என்ன சொல்வார்கள்?

தமிழில் எண் எப்போதும் எண்ணாகவே வருவதில்லை. 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' என்று தாய்மார் கேட்கும்போது, அந்த நாலு பேரைத் தேடிச் சென்றால் கிடைக்க மாட்டார்கள். ஊரார் என்பதே பொருள். ஆங்கிலத்தில் வாட் வில் பீப்பிள் சே என்பதே இயல்பு. அங்கே ஃபோர் என்ற சொல்லுக்கு இடமில்லை. அவ்வாறே 'இரண்டு வார்த்தை பேசுகிறேன்' என்பது எ ஃப்யூ வேர்ட்ஸ் ஆகும். 'பத்துப் பதினைந்து பேர்' என்பது டென் ஆர் ஃபிஃப்டீன் பீப்பிள். நடுவே 'ஆர்' வர வேண்டும். டஜன் கணக்கில் பழம் வாங்கும் நமக்கு எ டஜன் ஆர் ஸோ, ஹாஃப் எ டஜன் முதலிய தொடர்கள் எளிதில் பிடிபடும்.

இங்கே ஓரெழுத்து ஏற்படுத்தும் வேறுபாட்டை மறக்கலாகாது. 'எ ஃப்யூ பீப்பிள் கேம்' என்றால் சிலர் வந்தனர். 'ஃப்யூ பீப்பிள் கேம்' என்றால் வந்தவர் மிகக் குறைவு. முன்னதில் மனநிறைவு, பின்னதில் குறை. கூட்டம் நடத்தியவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்போது அந்த 'எ' விடுபட்டால், பாராட்டு பழிப்பாகிவிடும்.

அரபியில் பிள்உ என்று ஒரு சொல் உண்டு. மூன்று முதல் ஒன்பது வரையுள்ள எண்ணை அது குறிக்கும். இவ்வளவு வரையறுத்த சொல் ஆங்கிலத்தில் இல்லை. செவரல் என்பது ஓரளவு நெருங்கி வருவது. ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு முறத்தை வைத்துக்கொண்டு எண்களைப் புடைக்கிறது. ஒன்றின் முறத்தில் நிற்பது மற்றொன்றில் உதிர்ந்துவிடும்.

எத்தனையாவது?

இதற்குச் சிறந்த சான்று 'எத்தனையாவது' என்னும் நம் சொல். 'நீ வீட்டில் எத்தனையாவது பிள்ளை?' என்று கேட்கிறோம். இதனை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கேட்க இயலாது. என் மாணவர்கள் பலவாறு முயன்று தோற்றிருக்கிறார்கள். நானும் கல்லூரியில் தோற்றவன்தான். வழி என்ன? வினாவையே மாற்றிவிடுவதுதான். 'உனக்கு மூத்தவர் எத்தனை பேர்?' என்று கேட்கலாம். 'நீ மூத்தவனா, நடுவனா, இளையவனா?' என்று கேட்கலாம். சொல்லுக்குச் சொல் தேடுவதை விடுத்து, அறிய விரும்புவது எதுவோ அதனைக் கேட்பதே இயல்பான ஆங்கிலம். இந்த ஒரு பாடம் எண்ணுக்கு மட்டுமன்று; மொழி முழுமைக்கும் பொருந்தும்.

நாற்பதாம் நம்பர் நூல்

அருப்புக்கோட்டையில் தறியோடு வாழும் குடும்பங்களில் நாற்பது, அறுபது, எண்பது என்று நூலின் நம்பரைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆங்கிலத்தில் அதனை ஃபார்ட்டீஸ், சிக்ஸ்டீஸ் என்று பன்மையிற் சொல்வர். 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் ஒரு பவுண்டு எடைக்கு நாற்பது நின்றால் அது நாற்பதாம் நம்பர். எனவே, எண் ஏற ஏற நூல் மெலிதாகும். இவ்வாறே ஒருவர் 'இன் ஹிஸ் ஃபார்ட்டீஸ்' என்றால் நாற்பது முதல் நாற்பத்தொன்பது வயதுக்குள் இருப்பவர். அடியேனும் அவ்வணியில் சேர்ந்தவனே. 'த ஃபார்ட்டீஸ்' என்றால் 1940 முதல் 1949 வரையுள்ள பத்தாண்டு.

ஆனால், துல்லியமான எண்ணுக்குப் பின்னே இந்த 'ஸ்' ஒட்டாது. ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் என்பதே சரி. ஹண்ட்ரட்ஸ் என்பது பிழை. எண்ணிச் சொல்லாமல் நூற்றுக்கணக்கில் என்னும்போது மட்டும் ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள் என்று வரும். 'நூறு பேர் வந்தனர்' என்பதில் ஹண்ட்ரட் என்று மொட்டையாகச் சொல்லாமல், எ ஹண்ட்ரட் என்றோ ஒன் ஹண்ட்ரட் என்றோ சொல்ல வேண்டும். பத்து ரூபாய் நோட்டு என்பது எ டென் ருபீ நோட். இங்கே ருபீ ஒருமையில் நிற்கும். ஐந்து வயதுச் சிறுவன் எ ஃபைவ் இயர் ஓல்ட் பாய் ஆவதும் அவ்வாறே.

பதினைந்தா, ஐம்பதா?

வளைகுடா நாடொன்றில் கிடங்கு எழுத்தராகப் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் வந்தபோது தம் அனுபவத்தைச் சொன்னார். மேலாளர் தொலைபேசியில் ஃபிஃப்டீன் பெட்டி அனுப்பச் சொன்னாராம். இவர் ஃபிஃப்டி பெட்டியை வண்டியில் ஏற்றிவிட்டாராம். முப்பத்தைந்து பெட்டிகள் திரும்பி வந்தன. வண்டி வாடகை இவருடைய சம்பளத்தில் கழிந்தது. பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள எண்களில் இறுதியிலுள்ள 'டீன்' நீண்டும் அழுந்தியும் ஒலிக்கும். முப்பது முதல் தொண்ணூறு வரையுள்ளவற்றில் முதலசை அழுந்தி, 'டி' குறுகி ஒலிக்கும். ஐயம் நேர்ந்தால் 'ஒன் ஃபைவ், ஃபிஃப்டீன்' என்று இலக்கத்தைப் பிரித்துச் சொல்லி உறுதி செய்துகொள்வதில் வெட்கமில்லை.

வெட்கப்பட வேண்டியதில்லை என்பதற்கு விமானிகளே சான்று. உலகெங்கும் வானொலியில் பேசும் விமானிகள் நைன் என்னாமல் நைனர் என்றும், ஃபைவ் என்னாமல் ஃபைஃப் என்றும், த்ரீ என்னாமல் ட்ரீ என்றும் சொல்ல வேண்டும் என்பது பன்னாட்டு விதி. இரைச்சலில் ஒன்பதும் ஐந்தும் மயங்கிவிடக் கூடாது என்பதற்காக, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் இவ்விதிக்குக் கட்டுப்படுகின்றனர். மதுரை வானில் பறக்கும் விமானத்துக்கும் இதே விதிதான்.

பூஜ்யத்தின் பல பெயர்கள்

பூஜ்யத்தின் பெயர்க்கதை சுவையானது. வடமொழியில் சூனியம் எனப்பட்ட வெறுமையை அரபியர் ஸிஃப்ர் என்று மொழிபெயர்த்தனர். 1202இல் இத்தாலியரான ஃபிபொனாச்சி தம் கணித நூலில் அதனை இலத்தீன் வடிவில் எழுதினார். அந்த ஒரே அரபிச் சொல்லிலிருந்து ஆங்கிலத்தில் ஸைஃபர், ஸீரோ என்று இரு சொற்கள் பிறந்தன. ஐரோப்பியர் அரபி எண்கள் என்று அழைப்பவற்றை அரபியர் இந்திய எண்கள் என்று அழைத்தனர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்று ஆங்கிலத்தில் பூஜ்யத்துக்கு இடத்துக்கு இடம் பெயர் மாறும். வெப்பநிலையில் ஸீரோ, கால்பந்தில் நில், டென்னிஸில் லவ், கிரிக்கெட்டில் ஓட்டமின்றி ஆட்டமிழந்தால் டக். தொலைபேசி எண்ணில் ஓ என்பர். நம் நாட்டில் நாட் என்பாரும் உளர். நாம் ஆம்புலன்ஸை 'நூற்றெட்டு' என்று முழு எண்ணாக அழைக்கிறோம். ஆங்கிலத்தில் ஒன் ஓ எய்ட் அல்லது ஒன் நாட் எய்ட் என்று இலக்கம் இலக்கமாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவின் அவசர அழைப்பு நைன் ஒன் ஒன். அதே இலக்கங்கள் 2001 செப்டம்பர் 11ஆம் நாளைக் குறிக்கும்போது நைன் லெவன். இரட்டை எண்ணை டபுள் என்று சொல்வது நமக்கும் பிரிட்டிஷாருக்கும் இயல்பு; அமெரிக்கருக்கு அவ்வழக்கு அதிகம் இல்லை. அவர்களோடு பேசும்போது ஒவ்வோர் இலக்கத்தையும் தனித்தனியே சொல்லுதல் நலம்.

இலட்சமும் மில்லியனும்

நம் இலட்சமும் கோடியும் ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றவைதாம். எனினும், நம் துணைக்கண்டத்துக்கு வெளியே பலருக்கு அவை விளங்குவதில்லை. பத்து இலட்சம் ஒரு மில்லியன். ஒரு கோடி பத்து மில்லியன். நூறு கோடி ஒரு பில்லியன். இலட்சம் கோடி ஒரு ட்ரில்லியன். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் தொகை ஏறத்தாழ 7.21 கோடி, அதனை 72.1 மில்லியன் என்று எழுத வேண்டும். இந்தியாவின் 121 கோடி, 1.21 பில்லியன் ஆகும். காற்புள்ளி இடும் இடமும் மாறும். நமக்கு 1,00,000, அவர்களுக்கு 100,000. இலங்கைத் தமிழ்ச் செய்தித்தாள்களில் மில்லியன், பில்லியன் என்றே தமிழில் எழுதக் காணலாம்.

பில்லியன் என்ற சொல்லே ஒருகாலத்தில் இரு பொருள் பட்டது. பிரிட்டனில் அது மில்லியன் மில்லியனைக் குறித்தது. அமெரிக்காவில் ஆயிரம் மில்லியனை. 1974இல் பிரிட்டிஷ் பிரதமர் ஹெரால்ட் வில்சன், அரசின் கணக்குகளில் இனி ஆயிரம் மில்லியன் என்ற பொருளே வழங்கும் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆகவே பழைய பிரிட்டிஷ் நூல்களில் பில்லியன் என்று கண்டால், அச்சான ஆண்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அரபிச் செய்திகளில் வரும் மில்யார் என்பது இன்றைய ஆங்கில பில்லியனுக்குச் சமம். அதாவது நூறு கோடி.

எழுத்தே செல்லும்

வங்கிக் காசோலையில் தொகையை இருமுறை எழுதுகிறோம். ஒருமுறை எண்ணால், ஒருமுறை எழுத்தால். இரண்டும் மாறுபட்டால் எது செல்லும்? 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 18ஆம் பிரிவில் இதற்கு விடை சொல்கிறது: எழுத்தால் எழுதிய தொகையே தொகை. எண்ணில் ஒரு புள்ளியோ, ஒரு சுழியோ எளிதில் தவறிவிடும். சொல் அவ்வளவு எளிதில் தவறாது என்ற அனுபவமே இதன் அடிப்படை. தேதியிலும் இதைக் காணலாம். 3/4 என்று எழுதினால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதிவிட்டால் வழக்கே இல்லை.

எழுத்துக்கு இவ்வளவு மதிப்பு இருக்கும்போது, அவ்வெழுத்தைப் பிழையின்றிப் படிக்கும் பொறுப்பும் நம்மைச் சேர்கிறது. நம் வானம் பார்த்த பூமியில் மழை பொய்த்தால் பிள்ளைகள் வெளியூரும் வெளிநாடும் செல்கிறார்கள். அவர்கள் கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் சம்பளமும் வேலை நேரமும் விடுமுறையும் எண்ணும் சொல்லுமாகவே இருக்கின்றன. வீட்டில் இருப்போருக்கோ மருந்துச் சீட்டு வருகிறது. ஆங்கிலம் படித்த பிள்ளை வீட்டில் ஒன்று இருந்தால், குடும்பம் முழுவதும் அதன் நாவை நம்பியே நிற்கிறது.

ஆகவே தாய்மார்களுக்கும் பிள்ளைகளுக்கும் என் வேண்டுகோள் இதுவே. மருந்துச் சீட்டாயினும் ஒப்பந்தமாயினும், எண் வரும் இடத்தில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். எத்தனை? எதற்கு அத்தனை? இரண்டுக்கும் விடை கிடைக்காவிட்டால், தெரிந்தவரிடமோ மருந்துக் கடைக்காரரிடமோ மீண்டும் கேட்கத் தயங்காதீர்கள். கிடைத்த விடையைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, மருந்துப் பெட்டியின் மேலேயே ஒட்டிவிடுங்கள்.

அந்தப் பெரியம்மாவின் மாத்திரைப் பெட்டியில் இப்போது அப்படியொரு தாள் ஒட்டப்பட்டுள்ளது. 'திங்கட்கிழமை மட்டும்' என்று பேரன் தன் கையால் பெரிதாக எழுதியிருக்கிறான். அந்த அம்மையாருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பார். 'வாரத்துல ஒருநாள்தானே ஹஜ்ரத், அதை அப்பவே தமிழ்ல எழுதியிருந்தா நானே படிச்சிருப்பேனே' என்றார் ஒருநாள். என்னிடம் அதற்கு மறுமொழி இல்லை.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம்.